ஐஸ் பெட்டி எத்தனை லிட்டர்? டேப்பை உள்ள வச்சு அளங்க

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, நாட்டுப்படகுக்கு ஃபைபர் ஐஸ் பெட்டி ஒன்னு பார்த்து வச்சிருக்காராம், நீளம் 36 இஞ்ச், அகலம் 24, உயரம் 20, விக்கிறவரு 280 லிட்டர்னு சொல்றாராம், அது சரியா, எத்தனை கிலோ மீன் போடலாம்னு.

தம்பி, கணக்கு சரிதான், அளந்த இடம்தான் தப்பு. மூணையும் பெருக்குனா 17,280 கன இஞ்ச் வருது, ஒரு லிட்டருக்கு 61 கன இஞ்ச், வகுத்தா 283 லிட்டர். ஆனா 36, 24, 20 எல்லாம் வெளியளவு. உள்ள தெர்மாகோலோட சேர்த்து சுவரு 2 இஞ்ச் கனம்னு வைங்க, ரெண்டு பக்கமும் போகும்ல, அதனால நீளத்துல 4, அகலத்துல 4, அடியும் மூடியும் சேர்ந்து உயரத்துல 4 போயிரும். மிச்சம் 32, 20, 16. பெருக்குனா 10,240 கன இஞ்ச், அதாவது 168 லிட்டர்தான். பாதிக்குக் கொஞ்சம் கம்மியா சுவருக்கே போயிருச்சு பாருங்க! நீங்க காசு குடுக்கப்போறது இந்த 168க்குத்தான், அதை வச்சே விலை பேசுங்க.

அதுக்காக சுவரு மெலிசா இருக்குற பெட்டியா பாத்து எடுத்துறாதீங்க, நம்ம வெயிலுக்கு ஐஸ் கரைஞ்சு மீன் நைஞ்சு போச்சுன்னா கரையில வந்து பாதி விலைக்குத் தள்ளணும், லிட்டர் கூடி என்ன பிரயோசனம்.

மீன் கணக்குக்கு வருவோம். உடைச்ச ஐஸ் ஒரு லிட்டர் இடத்துல ஏறக்குறைய அரைக் கிலோதான் நிக்கும், நடுவுல காத்து இருக்கும். நம்ம பக்கத்து சூட்டுக்கு கிலோ மீனுக்கு கிலோ ஐஸ் போடணும், அப்ப ஒரு கிலோ மீன் ஐஸோட சேர்ந்து மூணு லிட்டர் இடம் புடிக்கும்னு வச்சுக்கங்க. 168 லிட்டர்ல 55 கிலோ சுமாரா வரும். பெரிய சீலா மீனு, பாறை மீனுன்னா வாலு தலைன்னு இடம் வீணாகும், இன்னும் குறையும்.

மூடிக்கு அடியில ஒரு திட்டு உள்பக்கமா இறங்கி இருக்கும், ஆழம் அளக்கும்போது அதையும் கழிச்சிருங்க. பெட்டி மேல அகலமா கீழ குறுகலா இருந்தா ரெண்டு இடத்துலயும் அளந்து நடுவாந்திரமா எடுங்க, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. நீல ட்ரம்மா இருந்தா விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி, 0.785ஆல பெருக்கி, அப்புறம் உயரத்தால பெருக்கி, வர்ற கன இஞ்சை 61ஆல வகுக்கணும். 22 இஞ்ச் விட்டம், 33 உயரம்னா 205 லிட்டர் வரும், கடையில 200 லிட்டர் ட்ரம்னு விக்கிறது இதுதான்.

வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த பெட்டியில கேலன்னு போட்டிருந்தா அமெரிக்கா கேலனா பிரிட்டிஷ் கேலனான்னு பாருங்க, முதல்ல சொன்னது 231 கன இஞ்ச், 3.785 லிட்டர், மத்தது 4.546 லிட்டர்.

இவ்ளோ கணக்கும் வேணாம்னா, பெட்டியை மட்டமான தரையில வச்சு 20 லிட்டர் தண்ணி கேனால ஊத்திப் பாருங்க. உங்க பெட்டிக்கு எட்டு கேனும், ஒன்பதாவதுல பாதிக்குக் கீழயும் போகும். ஊத்துனதுக்கு அப்புறம் தூக்க நினைக்காதீங்க, 168 லிட்டர் தண்ணின்னா 168 கிலோ, ஓட்டை அடைப்பை எடுத்து வடிச்சிருங்க.