கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் இல்லாத பாதுகாக்கப்பட்ட பைன் காட்டில் இரவு தங்கியிருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

தங்கியிருக்கிறேன், ஒரே ஓர் இரவு. ஹூஸ்டனிலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம் போனால் லூசியானாவின் கிசாச்சி ஹில்ஸ் வில்டர்னஸ் வரும். வில்டர்னஸ் என்றால் இயற்கையாகவே இருக்கட்டும் என்று சட்டம் போட்டு விட்டுவைத்த இடம். நானும் மனைவியும் ஒரு நண்பரும் ஒரு நவம்பரில் போனோம்.

லூசியானா என்றதும் சதுப்பு நிலமும் முதலையும்தானே நினைவுக்கு வரும்? இங்கே மணற்பாறை மேடுகள், செங்குத்துச் சரிவுகள், அவற்றின் மேல் நெடுநெடுவென்று லாங்லீஃப் பைன் மரங்கள். 'குட்டி கிராண்ட் கேன்யன்' என்று செல்லப் பெயரும் உண்டு. அது கொஞ்சம் ஓவர்தான். சுமார் 8,700 ஏக்கர்; 1980-ல் வில்டர்னஸாக அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்புக்கு அடிப்படை 1964-ல் வந்த அமெரிக்க வில்டர்னஸ் சட்டம். வண்டி மட்டுமல்ல, சைக்கிள்கூட உள்ளே கூடாது. பாதையைச் சரிசெய்ய வருகிறவர்களும் பொதுவாகக் கை ரம்பம்தான் கொண்டுவருகிறார்கள், மோட்டார் ரம்பம் கிடையாது. அதனால் பாதைக்குக் குறுக்கே விழுந்த மரம் லேசில் நகராது. முதுகில் மூட்டையோடு அப்படி நாலைந்து மரங்களை ஏறித் தாண்டினால் சட்டம் நன்றாகவே மனதில் பதியும்.

நாங்கள் கோட்டைவிட்டது தண்ணீரில். மூன்று பேருக்கு 12 லிட்டர் சுமந்து போய், இரவு சாதம் வடித்து, ரசம் வைத்து, பாத்திரமும் கழுவினோம். என்னமோ வீட்டுச் சமையலறை என்ற நினைப்பு! காலையில் மிஞ்சியது ஒரே ஒரு பாட்டில். ஓடை வரை இறங்கிப் போய், வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடித்தோம். நீங்கள் போனால் சப்பாத்தியோ பிரெட்டோ எடுத்துப் போங்கள். கழிப்பறைக்கு ஒரு சின்ன மண்வாரி போதும். ஓடையிலிருந்து 200 அடி தள்ளி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் குழி தோண்டி, அப்புறம் மூடிவிட வேண்டும். முதல் தடவைதான் கூச்சம்.

இதையெல்லாம் மறக்கடித்தது ஒரு புல். பாதையோரம் முழங்கால் உயரத்தில் பச்சைப் பசேல் என்று கொத்துக் கொத்தாக நின்றது. நல்ல மெத்தை என்று அதன் மேலேயே டென்ட் போடப் பார்த்தேன். நண்பர்தான் தடுத்தார். அது புல் இல்லை, லாங்லீஃப் பைன் கன்று. முதல் சில வருடங்கள் இந்த மரம் உயரவே உயராது. புல் மாதிரி உட்கார்ந்துகொண்டு வேரைக் கீழே இறக்கும். நடுவில் காட்டுத்தீ வந்தால் நீள ஊசியிலைகள் கருகும், அவை பொத்தி வைத்திருக்கும் குருத்து தப்பிக்கும். வேர் பலமானதும் ஒரே மூச்சில் மேலே கிளம்பும். தீயே வராவிட்டால்தான் இதற்கு ஆபத்து, மற்ற மரங்கள் வளர்ந்து வெயிலை மறைத்துவிடும். அதனால் இந்த இடம் அடங்கிய கிசாச்சி தேசிய வனத்தில் வனத்துறையே திட்டமிட்டுத் தீ வைக்கிறது. அடிமரங்கள் கரியாக இருந்ததைப் பார்த்து, யாரோ சிகரெட்டை வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதுவரை திட்டிக்கொண்டே நடந்திருந்தேன்.

திரும்பும் வழியில், சாலையோரம் ஒரு முதிய பைன் மரத்தில் பிசின் மெழுகு போல வழிந்திருந்தது. ரெட் காக்கடட் மரங்கொத்தியின் வேலை. உயிருள்ள பைனில் பொந்து குடைந்து, சுற்றிலும் சிறு துளைகள் போட்டுப் பிசின் வழியவிடும், பாம்பு ஏறாது. பறவை கண்ணில் படவில்லை.

போவதென்றால் கோடை வேண்டாம், வெக்கையும் உண்ணியும் தாங்காது. இலையுதிர் காலத்தில் போனால் அது வேட்டை சீசன், அங்கே வேட்டைக்கு அனுமதியும் உண்டு. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் உடம்பில் தெரிய வேண்டும். வாங்க மறந்துவிட்டு, மனைவியின் ஆரஞ்சு துப்பட்டாவை மூன்றாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு தலையில் கட்டிக்கொண்டோம். துப்பட்டாவுக்கு இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.