மூன்று மாதத்துக்கு ஒரு செட் பெல்ட்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெல்ட் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதிலுக்குப் போகும் முன் ஒன்று. எந்த மெஷினாக இருந்தாலும் பெல்ட்டைத் தொடுவதற்கு முன் மெயினை இறக்கி, ஃப்யூஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெல்ட்டைக் கையால் சுற்றி ஏற்றும்போது நடுவில் விரல் மாட்டி நசுங்குவதற்குக் கரண்டே தேவையில்லை. என் இடது கை ஆள்காட்டி விரல் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது.

மாவு மில் வைத்திருக்கிறேன். 10 ஹெச்பி மோட்டார், மூன்று பி-72 பெல்ட். முன்பு ஒரு செட் ஒன்றரை வருடம் ஓடும். இப்போது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. கம்பெனி மாற்றியும் பார்த்துவிட்டேன். எல்லாம் போலிச் சரக்கா? (உசிலம்பட்டி)

போலிப் பெல்ட் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் கம்பெனி மாற்றியும் அதே மூன்று மாதம் என்கிறீர்களே, அப்படியானால் மாறாமல் இருப்பது எது? புல்லி. அதை எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. மில் ஆரம்பித்த நாளில் மாட்டியதாகத்தான் இருக்கும்.

வி-பெல்ட் இழுப்பது அடிப்பக்கத்தால் அல்ல, இரண்டு விலாக்களால். ஆப்பு மாதிரி புல்லியின் காடிக்குள், அதாவது சுற்றுப் பள்ளத்துக்குள், இறங்கி இரண்டு சுவர்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. பெல்ட்டின் அடிக்கும் காடியின் தரைக்கும் நடுவில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். வருடக்கணக்காக ஓடி, சுவர் தேய்ந்து குழிந்துவிட்டால் பெல்ட் இறங்கி இறங்கிக் கடைசியில் தரையைத் தொட்டுவிடும். தொட்டபின் ஆப்பு பிடிக்காது. பெல்ட் வழுக்கும், சூடேறும். நீங்கள் மறுபடி மோட்டாரைப் பின்னால் இழுத்து முறுக்கேற்றுவீர்கள். மறுபடி வழுக்கும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் புல்லியின் காடிக்குள் டார்ச் அடியுங்கள். நல்ல புல்லியில் சுவர்கள் மின்னும், தரை மங்கலாக, மாவு படிந்து கிடக்கும். தரையும் கண்ணாடி மாதிரி பளபளத்தால் விஷயம் முடிந்தது. கழற்றிய பெல்ட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், அதன் அடிப்பக்கமும் மெருகேறியிருக்கும். அடுத்து நகத்தைக் காடியின் சுவரில் மேலிருந்து கீழே இழுங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு படி தட்டுகிறதா? அந்தப் படிக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோன இரும்பு. குழிவு கால் நூல், அதாவது 0.8 மி.மீ. வந்துவிட்டாலே புல்லியை மாற்றிவிட வேண்டும். கடைசியாக, மூன்று புதுப் பெல்ட்டையும் உட்காரவைத்து மேலே ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். மூன்றும் ஒரே மட்டத்தில், புல்லி விளிம்புக்குச் சமமாகவோ மயிரிழை மேலாகவோ நிற்க வேண்டும். ஒன்று மட்டும் முங்கியிருந்தால் அந்தக் காடிதான் குற்றவாளி.

பெரும்பாலும் சின்னப் புல்லிதான் முதலில் போகும். அதிகச் சுற்று சுற்றுவதும் அதுதான், பெல்ட்டுக்குக் குறைந்த பிடிமானம் கொடுப்பதும் அதுதான். மில் பக்கத்துப் பெரிய புல்லி தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

லேத்தில் கொடுத்துக் காடியை மறுபடி வெட்டலாமா என்று கேட்பீர்கள். நான் சொல்ல மாட்டேன். பெல்ட்டின் கோணம் 40 டிகிரி என்பதால் காடியையும் 40 டிகிரியில் வெட்டித் தருகிற பட்டறைகள் உண்டு. அது தப்பு. வளையும்போது பெல்ட்டின் உட்பக்கம் பிதுங்கி அதன் கோணம் சுருங்கும். அதனால்தான் புல்லியின் விட்டத்தைப் பொறுத்துக் காடி 34, 36, 38 டிகிரி என்று இருக்கிறது. சின்னப் புல்லிக்குச் சின்னக் கோணம். இதைத் தெரிந்து வெட்டினாலும் பெல்ட் முன்னைவிட ஆழத்தில் ஓடும், வேகக் கணக்கு மாறும். புது வார்ப்பிரும்புப் புல்லி வாங்குங்கள்.

மூன்றில் ஒரு பெல்ட்தான் அறுந்தது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? (பண்ருட்டி)

போதாது. ஓடிய இரண்டும் கொஞ்சம் நீண்டிருக்கும், விலாவும் தேய்ந்திருக்கும். புதியது மட்டும் விறைப்பாக நின்று மூன்று பேர் சுமையைத் தனியாக இழுக்கும். நான் தொழில் கற்ற புதிதில் முதலாளிக்குக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இப்படி ஒன்றை மாட்டினேன். பதினைந்தே நாளில் புதியது போனது, போகிற போக்கில் பழையது ஒன்றையும் காடியிலிருந்து தள்ளிவிட்டுப் போனது. மூன்றும் ஒரே கம்பெனி, முடிந்தால் ஒரே சரக்கு எண். நன்றாக இருக்கிற இரண்டையும் அவசரத்துக்கு எடுத்துவையுங்கள்.

அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கிறோம். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் புல். உட்கார்ந்து ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும்) புல்வெட்டி வண்டி, வயது எட்டு. முதல் பத்து நிமிடம் சரியாகப் போகிறது. அப்புறம் மேட்டில் ஏறாமல் திணறுகிறது, ரப்பர் கருகும் நாற்றம் வருகிறது. டிரான்ஸ்மிஷன் போய்விட்டது என்கிறார்கள். மாற்ற, பாதி வண்டி விலை கேட்கிறார்கள்.

நாற்றம் வருகிறது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் நல்ல சேதி. டிரான்ஸ்மிஷன் மட்டும் தேய்ந்திருந்தால் ரப்பர் ஏன் கருகப் போகிறது? டிரான்ஸ்மிஷன் பெட்டியைக் கழற்ற விடாதீர்கள்.

இந்த வண்டிகளில் வழக்கமாக இரண்டு பெல்ட் உண்டு. ஒன்று இன்ஜினிலிருந்து பின் டிரான்ஸ்மிஷனுக்கு, இன்னொன்று கீழே கத்திகளைச் சுற்றும் டெக்குக்கு. வண்டி நகராத கோளாறு முதலாவதன் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் மாவு மில்லில் இல்லாத ஒன்று உண்டு: ஸ்பிரிங் இழுக்கும் ஓர் இரும்புக் கையின் நுனியில் நின்று பெல்ட்டை அழுத்தும் டென்ஷன் புல்லி. எட்டு வயது வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கையைத்தான்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பிளக் ஒயரைக் கழற்றியபின் அந்த இரும்புக் கையை விரலால் தள்ளி விட்டுவிடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, தள்ளிய இடத்திலேயே நின்றாலோ, அது சுழலும் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறது. உங்கள் பத்து நிமிடக் கணக்குக்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். வழுக்க ஆரம்பித்த பெல்ட் சூடாகித் தொய்ந்துவிடும். கை இறுகிக் கிடந்தால் அந்தத் தொய்வை யாரும் இழுத்துப் பிடிக்க மாட்டார்கள். தொய்ந்தது மேலும் வழுக்கும், மேலும் சூடேறும். போல்ட்டைக் கழற்றித் துருவை எடுத்து கிரீஸ் வைத்து மாட்டினால் செலவு ஒரு மாலை நேரம். ஸ்பிரிங்கின் கொக்கிகளையும் பாருங்கள், தேய்ந்து பாதிக் கம்பிதான் மிச்சம் இருக்கும்.

பெல்ட்டைக் கழற்றியபின் ஒவ்வொரு டென்ஷன் புல்லியையும் விரலால் சுண்டிச் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும். சைக்கிள் சக்கரம் மாதிரி சலசலத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். மணல் அரைக்கிற உணர்வு வந்தால் அது முடிந்த கேஸ். விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. தட்டையான டென்ஷன் புல்லி பெல்ட்டின் முதுகில் ஓடும். அதில் பெல்ட் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

குளிர்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் கிடந்திருக்கும். தகட்டுப் புல்லிகளின் காடியில் துருப்பிடித்தால் அது உப்புத்தாள்தான். சீசனின் முதல் வாரத்திலேயே பெல்ட்டின் விலாவை இழைத்துவிடும். லேசான துருவை நிஜ உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். குழி விழுந்த துரு என்றால் புல்லியை மாற்றுங்கள்.

புதுப் பெல்ட் வாங்கும்போது நீளமும் அகலமும் ஒத்தால் போதும் என்று சாதாரணக் கறுப்புப் பெல்ட்டை வாங்கி மாட்டாதீர்கள். இந்த வண்டிகளில் பெல்ட் முன்னும் பின்னும் வளைகிறது, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் தொய்ந்து மறுபடி இறுகுகிறது. அதைத் தாங்கத்தான் பல வண்டிகளுக்கு அராமிட் நூல் வைத்த பெல்ட்டைக் கொடுக்கிறார்கள், புல்லட் தடுக்கும் சட்டையில் இருக்கும் அதே வகை நூல். வண்டி மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

இத்தனையும் செய்தபின், நாற்றமே இல்லாமல், சூடானபின் மட்டும் மறுபடி திணறினால் அப்போது டிரான்ஸ்மிஷன் ஆயிலைச் சந்தேகிக்கலாம். அதற்கும் முன்னால் இரண்டு இடம்: வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வைத்திருக்கும் விடுவிப்புக் கம்பி பாதி இழுத்தபடி நிற்கிறதா, டிரான்ஸ்மிஷன் மேலுள்ள விசிறியில் புல் அடைத்திருக்கிறதா.

பஞ்சர் கடை. காலையில் கம்ப்ரஸர் போட்டதும் பெல்ட் தெருவே கேட்கிற மாதிரி கிறீச்சிடுகிறது. சோப்பு தேய்க்கச் சொல்கிறார்கள். (தாராபுரம்)

சோப்பு, மெழுகு, ரோசின் கட்டி, எதுவும் வேண்டாம். ரோசின் அந்தக் காலத்துத் தட்டைப் பெல்ட்டுக்கு ஆனது. வி-பெல்ட்டில் தேய்த்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும், பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு காடியையும் ரப்பரையும் சேர்த்துக் கெடுக்கும்.

முறுக்கைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட் அந்தரத்தில் ஓடும் நீளம் ஒரு மீட்டர் என்றால் நடுவில் 16 மி.மீ. தாழ வேண்டும், அரை மீட்டர் என்றால் 8. எத்தனை கிலோ இழுப்பில் என்பது பெல்ட் வகைக்கு வகை மாறும், கம்பெனி அட்டவணையில் இருக்கும். ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும்.

முறுக்கு சரியாக இருந்தும் கத்துகிறதா? நேற்று இரவு அணைத்தபோது ‘உஸ்’ என்று காற்று வெளியேறிய சத்தம் கேட்டதா என்று யோசியுங்கள். அது கேட்கவில்லை என்றால் கம்ப்ரஸர் தலையில் காற்று அடைபட்டே நிற்கிறது. மோட்டார் அதை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அங்கே சரிசெய்ய வேண்டியது வால்வை, பெல்ட்டை அல்ல.

இட்லி மாவு விற்கிறேன் அண்ணா. கிரைண்டருக்கு அடியில் தினமும் கறுப்புத் தூள் கொட்டிக்கிடக்கிறது. துடைத்தால் மறுநாளும் இருக்கிறது. (சேலம்)

அது பெல்ட்தான் அம்மா. ஒரு விலா மட்டும் உரசி உதிர்கிறது. இரண்டு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. கொத்தனார் பிடிக்கிற மாதிரி ஒரு நூலைப் பெரிய புல்லியின் முகத்தில் வைத்துச் சின்னப் புல்லி வரை இழுத்துப் பிடியுங்கள். இரண்டு புல்லியின் விளிம்புத் தடிமனும் ஒன்றாக இருந்தால் நூல் நான்கு இடத்தில் தொட வேண்டும், ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு. தொடாத பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். கிரைண்டரில் அநேகமாக மோட்டார் புல்லியை ஷாஃப்ட்டோடு இறுக்கிப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து புல்லி ஷாஃப்ட்டில் நகர்ந்திருக்கும். சரியான இடத்துக்குத் தட்டி இறுக்குங்கள். புல்லிக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் செருகியிருக்கும் சாவிக் கட்டை ஆடினால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். புடவைத் தலைப்பு போகாதபடி மூடித் தகடு இருக்கட்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

மரப்பட்டறை. 5 ஹெச்பி மோட்டாரில் பெல்ட் பக்கத்துப் பேரிங் மட்டும் ஆறு மாதத்தில் போய்விடுகிறது. (திருச்சி)

பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்திருப்பீர்கள். தளர்த்துங்கள். முழுச்சுமையில் வழுக்காத அளவுக்கு இருந்தால் போதும். புல்லி ஷாஃப்ட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால் மோட்டார் பக்கம் உள்ளே தள்ளுங்கள், அந்த இரண்டு விரல் தூரமும் பேரிங்குக்குப் பாரம்தான்.

பெல்ட்டில் நம்பர் அழிந்துவிட்டது. கடையில் சைஸ் கேட்டால் முழிக்கிறேன்.

மேல் அகலத்தை அளந்து பாருங்கள். 13 மி.மீ. என்றால் ஏ, 17 என்றால் பி, 22 என்றால் சி. எழுத்துக்குப் பின்னால் வரும் எண், உட்சுற்று நீளம், இன்ச்சில். பி-60 என்றால் உள்ளே 60 இன்ச். பழைய பெல்ட்டை அளந்தால் நீண்ட அளவுதான் கிடைக்கும். அதைவிட மோட்டாரை ரெயிலில் கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டு புல்லிகளின் காடிக்குள்ளும் நூலைச் சுற்றி அளந்து கடைக்குப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து கேட்டவர்களுக்கு: அங்கே புல்வெட்டிப் பெல்ட்டில் 4எல்420 என்று போட்டிருந்தால் அது 42 இன்ச் வெளிச்சுற்று. நம் கணக்கில் ஏ-40. இதை ஏ-42 என்று வாங்கிவிட்டுத் தொளதொளக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

பவர் டில்லர் பெல்ட்டின் உள்பக்கம் குறுக்கே வெடித்திருக்கிறது. இன்னும் அறுந்துபோகவில்லை. நாற்று நடவு வரை ஓட்டலாமா? (கும்பகோணம்)

குறுக்கு வெடிப்பு வயதாலும் சூட்டாலும் வருவது. ஓரிரண்டு மெல்லிய கோடு என்றால் ஓட்டுங்கள். வளைத்துப் பிடிக்கும்போது வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் சேற்றில் இறங்காதீர்கள், நடு வயலில் நின்றால் தள்ளிக் கரையேற்ற நாலு ஆள் வேண்டும்.

புதுச் செட் போடும்போது டென்ஷனைத் தளர்த்தி வைத்து ஏற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. நாலு நாளில் பெல்ட் காடியில் புரண்டு ஓடும்போதுதான் தெரியும். ஏற்றி ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி முறுக்கைச் சரிபாருங்கள், புதுப் பெல்ட் காடியில் படிந்து கொஞ்சம் தொய்ந்திருக்கும். மிச்சம் வாங்கி வைக்கும் பெல்ட்டை ஆணியில் மாட்டாதீர்கள், மடிந்த இடத்தில் பழுதாகும். வெயில் படாத இடத்தில், வெல்டிங் செட்டுக்கும் மோட்டாருக்கும் தள்ளி, பெரிய வளையமாகத் தட்டையாக வையுங்கள். எலி இருக்கிற கொட்டகை என்றால் மூடி போட்ட டிரம்முக்குள்.