கடல் இல்லாத சேலத்தில் இருந்துகொண்டு கடலோர மாடல் செய்ய முடியுமா?

கேட்டவர் சேலத்தில் முதுகலை படிக்கிறார். ஆறுகள் கடலோரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கரைந்த கரிமப் பொருளை (சருகு, கழிவு போன்றவற்றிலிருந்து நீரில் கரைந்து வரும் கார்பன் சேர்மங்கள்) கணினியில் மாடல் செய்ய ஆசை, ஆனால் இங்கிருந்து என்ன செய்ய முடியும் என்கிறார்.

நிறையவே செய்யலாம். இந்த மாடல்கள் பெரும்பாலும் தடுமாறுவது கடலில் இல்லை, ஆறு எவ்வளவு கொண்டுவருகிறது என்ற இடத்தில்தான். உலக ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 25 கோடி டன் கரிமத்தைக் கரைந்த வடிவில் கடலில் சேர்க்கின்றன. இப்படி ஓர் ஆண்டுச் சராசரியை எடுத்து 12 மாதத்துக்கும் சமமாகப் பிரித்துப் போட்டால், நம் மழைக்கால ஆறுகளுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் சருகு கோடையில் காய்ந்து குவிந்து கிடக்கும். அதன்மேல் விழும் முதல் கனமழையில் இறங்கி வருவது முதல் டிகாஷன். அடுத்தடுத்த மழைக்கு அந்த அடர்த்தி இருக்காது. நீரின் அளவும் அதில் கரைந்த கரிமத்தின் செறிவும் சேர்ந்தே ஏறுவதால், சின்ன ஓடைகளில் ஆண்டுச் சுமையின் பெரும்பங்கு சில வெள்ளங்களிலேயே போய்விடும். மாதம் ஒரு சாம்பிள் எடுப்பதைவிட, ஒரே வெள்ளத்தில் தண்ணீர் ஏறும்போதும் வடியும்போதும் சில மணிக்கு ஒருமுறை எடுப்பது எவ்வளவோ மேல். கண்ணாடி நார் வடிதாளில் உடனே வடிகட்டி, வெயில் படாமல் ஐஸில் வையுங்கள்.

கடல்வரை தொடர்ந்து போக எந்த ஆறு? சேலம் நகர் வழியாக ஓடும் திருமணிமுத்தாறு காவிரியில் கலந்து, மேலணை, கல்லணை, டெல்டா வாய்க்கால்கள் என்று பிரிந்துவிடும், கணக்கு வைப்பது கடினம். நான் வசிஷ்ட நதியைத்தான் சொல்வேன். ஆத்தூர் வழியாக ஓடி, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்தப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் உண்டு. மரவள்ளி மாவுக் கழிவை பாக்டீரியா சில நாட்களிலேயே தின்றுவிடும். காட்டுச் சருகின் பழுப்புப் பொருளோ அவ்வளவு சீக்கிரம் அழியாது. இரண்டையும் ஒரே சிதைவு வேகத்தில் போட்டால் முகத்துவாரத்துக்கு வந்து சேரும் அளவே தப்பாகும். மாடலில் கரிமத்தைக் குறைந்தது இரண்டு தொகுதிகளாகவாவது பிரிக்க வேண்டும், வேகமாகச் சிதைவது ஒன்று, மெதுவாகச் சிதைவது ஒன்று.

முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் கடல்நீரும் வெறுமனே கலந்தால், உப்புத்தன்மைக்கு எதிராகச் செறிவை வரைந்தால் நேர்கோடு வரும். புள்ளிகள் கோட்டுக்குக் கீழே போனால் வழியில் ஏதோ இழப்பு. மேலே போனால் புதிதாக எங்கிருந்தோ வரவு. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருப்பதால் இந்த வரவை மறந்துவிடக் கூடாது. அப்புறம் சூரிய ஒளி. பழுப்புநிறப் பகுதியை அது சிதைக்கும்தான், ஆனால் சேறு கலங்கிய வெள்ளநீரில் ஆழம் போகாது. வண்டல் படிந்து தெளிந்த பிறகே அதன் வேலை முழு வேகம் பிடிக்கும்.

அதனால் முதலில் ஒளி, பாக்டீரியா எதையும் சேர்க்காமல் ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதை மட்டும் வைத்து மாடலை ஓட்டிப் பாருங்கள். அளந்த புள்ளிகள் எந்த உப்புத்தன்மையில் விலகுகின்றன என்று தெரிந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.