பிராக் நகரில் ஒரு நாள் நடை: கேள்வி பதில்

கேள்வி: பிராக்கில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். எங்கே தொடங்கலாம்?

மேலேயிருந்து தொடங்குங்கள். பலரும் பழைய நகரச் சதுக்கத்தில் ஆரம்பித்து, வெயில் ஏறிய பிறகு மூச்சு வாங்கக் கோட்டைக்கு ஏறுகிறார்கள். அது வேண்டாம். 22ஆம் எண் டிராமில் போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தம் வரை போய்விடுங்கள். அப்புறம் கோட்டை, நெருடோவா தெரு, சார்லஸ் பாலம், சதுக்கம் என்று இறங்கி வந்தால் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. நடந்துவிடுவாரா?

தூரம் பெரிதில்லை, கல் பதித்த தரைதான் சோதிக்கும். செருப்பு வேண்டாம், அடி தடித்த ஷூ போடச் சொல்லுங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கஷ்டம், அதிலும் நெருடோவா நல்ல சரிவு. கோட்டை பார்த்ததும் அதே 22ஆம் எண் டிராமிலேயே கீழே, கோட்டையின் அடிவாரப் பகுதியான மாலா ஸ்ட்ரானாவுக்கு வந்துவிடலாம்.

கேள்வி: கோட்டைக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

புனித வைடஸ் பேராலயம். 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்தார்கள். அடுத்து பழைய அரண்மனை. 1618 மே மாதம் கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு செயலரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அங்கிருந்த சன்னல் வழியே கீழே தள்ளினார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதிலிருந்து மூண்ட போர் 30 ஆண்டுகள் நீடித்தது. அந்தச் சன்னலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் அதன் தொடர்ச்சி வரும்.

கேள்வி: சார்லஸ் பாலத்தில் கூட்டம் இல்லாமல் படம் எடுக்க முடியுமா?

விடியற்காலையில் போனால் முடியும். பகலில் நெரிசல்தான், ஆனாலும் நின்று நடங்கள். 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம், 516 மீட்டர் நீளம், 30 சிலைகள். சிலைகளைவிட எனக்கு முக்கியம், பழைய நகரத்துப் பக்கம் நிற்கும் கோபுரம். அந்தச் சன்னல் சம்பவத்தில் தொடங்கிய புராட்டஸ்டன்ட் கிளர்ச்சி தோற்ற பிறகு 1621இல் அதன் 27 தலைவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அவர்களில் 12 பேரின் தலைகளை இந்தக் கோபுரத்தில்தான் பத்தாண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள்.

கேள்வி: வானியல் கடிகாரத்துக்காகக் காத்திருக்கலாமா? அதைச் செய்தவரின் கண்ணைக் குருடாக்கினார்கள் என்பது உண்மையா?

கண் கதை வெறும் கதைதான். 1410இல் அதைச் செய்தவர் கடானைச் சேர்ந்த மிக்குலாஷ். மணிக்கு மணி வரும் அப்போஸ்தலர் பொம்மைகள் சீக்கிரமே மறைந்துவிடும். சூரியன், சந்திரன், ராசி மூன்றையும் காட்டும் முகப்பை நிதானமாகப் பாருங்கள். பிறகு அந்தக் கடிகாரம் இருக்கும் பழைய நகர மண்டபத்தின் கிழக்குப் பக்கம் வந்து தரையைப் பாருங்கள். கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். அந்த 27 பேரையும் கொன்றது இந்தச் சதுக்கத்தில்தான். கவனிக்காமல் மிதித்துப் போகிறவர்களே அதிகம்.

கேள்வி: நாங்கள் வருவது சனிக்கிழமை. யூதர் பகுதியும் பார்க்கலாமா?

தெருக்களில் நடக்கலாம். ஜெப ஆலயங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை மூடியிருக்கும். அவை முக்கியம் என்றால் பயணத்தை ஞாயிறுக்கு மாற்றுங்கள்.