சேனல் தடம் மாறினால் நாம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வரலாறு, கடல், விலங்குகள் பற்றித் தமிழில் பேசும் ஒரு சேனலுக்காகவே கேபிளில் கூடுதலாக ஒரு பேக் எடுத்தோம். இப்போது அதில் அடகுக்கடை பேரமும் பேய் வீடும்தான் ஓடுகின்றன. அந்தச் சேனலை எடுத்துவிடச் சொன்னால், "பேக்கில் இருக்கிறது, தனியாக எடுக்க முடியாது" என்கிறார் கேபிள்காரர். சேனல் மீது வழக்குப் போட முடியுமா? அப்பா இரண்டு வாரமாக எழுதி வைத்த குறிப்புகளை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அப்பா எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தேன். "இரவு 8 அடகு. 9 அடகு, பழசு. 10 பேய். கடல் இல்லை." அந்தக் "கடல் இல்லை" 14 தாள்களில் 11-ல் இருக்கிறது. ஆயுசெல்லாம் கடலில் போய்வந்த மனிதர், கரையில் உட்கார்ந்து அதைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். "பேருக்கு ஏற்ற நிகழ்ச்சி போடவில்லை" என்று மட்டும் சொல்லிச் சேனல் மீது வழக்குப் போட்டால் அது நிற்காது என்பதே என் கருத்து.

ஒவ்வொரு சேனலும் தான் எந்த வகை என்று அறிவிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. மொத்தம் ஒன்பது வகை: பக்தி, பொதுப் பொழுதுபோக்கு, இன்ஃபோடெயின்மென்ட், குழந்தைகள், சினிமா, இசை, செய்தி, விளையாட்டு, இதர. வரலாற்றுக்கோ அறிவியலுக்கோ கடலுக்கோ தனி இடம் கிடையாது. எல்லாம், தகவலும் பொழுதுபோக்கும் கலந்த வகையான இன்ஃபோடெயின்மென்டுக்குள் போய்விடுகின்றன. அந்தப் பேரிலேயே பாதி பொழுதுபோக்குதானே? கடலை விட்டு அடகுக்கடைக்குப் போன சேனல், சட்டத்தின் கண்ணில் அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. இப்படி வகை பிரித்ததே டிவி திரையில் வரும் சேனல் பட்டியலில் ஒரே மாதிரிச் சேனல்களைப் பக்கம் பக்கமாக வைப்பதற்குத்தான். அனுமதி தரும்போது அரசு கறாராகப் பார்ப்பது ஒரே ஒரு கோட்டைத்தான்: செய்திச் சேனலா, செய்தி அல்லாத சேனலா என்று. 2022-ல் வந்த வழிகாட்டு நெறிகளிலும் அப்படித்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1981-ல் பாட்டு வீடியோ போடவே தொடங்கிய எம்டிவி, பின்னால் ரியாலிட்டி ஷோக்களுக்கு மாறியது. 2010-ல் தன் லோகோவில் இருந்த 'மியூசிக் டெலிவிஷன்' என்ற சொற்களையே எடுத்துவிட்டது.

பேய் நிகழ்ச்சி விஷயத்தில் மட்டும் ஒரு பிடி இருக்கிறது. கேபிள் டிவி விதிகள் 1994-ன் ஆறாவது விதி, மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சியைத் தடை செய்கிறது. பேயை உண்மை என்று காட்டினால், தேதி, நேரம், நிகழ்ச்சிப் பெயரோடு சேனலுக்கே புகார் எழுதுங்கள். 2021 திருத்தத்தின்படி 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அடகுக்கடைக்கு இது பொருந்தாது.

சரி, உங்கள் கை ஓங்கியிருக்கும் இடத்துக்கு வருவோம். கேபிள்காரர் சொன்னது பாதி சரி. ஒரு பேக்குக்குள் இருக்கும் சேனலை மட்டும் பிய்த்து எடுக்க முடியாது. அவர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி. அந்தப் பேக்கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேண்டிய சேனலைத் தனித்தனியாக எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முறையில் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி மாத விலை அறிவித்தே ஆக வேண்டும். எந்தக் கேபிள்காரரும் "பேக் மட்டும்தான்" என்று சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கை: தனித்தனியாக எடுத்தால் சில சமயம் மொத்தத் தொகை கூடிவிடும். வீட்டில் உண்மையிலேயே பார்க்கும் சேனல்களை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேபிள்காரரிடம் வாயால் சண்டை போட வேண்டாம். செட்டாப் பாக்ஸில் 999-ஐ அழுத்தினால் வாடிக்கையாளர் சேவை விவரம் வரும். அந்த நம்பருக்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் அந்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய்க்கு எழுதி நாளைக் கடத்தாதீர்கள், தனி நபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. அதற்குப் பதிலாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள்.

அப்புறமும் மறுத்தால் அது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நம் பக்கத்தில் பல வீடுகளில் கேபிள்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு அட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். இந்த மாதத்திலிருந்து ரசீது கேளுங்கள். பேக் எடுத்தபோது கொடுத்த நோட்டீஸோ வாட்ஸப்பில் வந்த விளம்பரமோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். "24 மணி நேரமும் கடல், காடு, வரலாறு" என்பது போல அதில் வாக்குறுதி கொடுத்திருந்தால், தவறான விளம்பரம் என்ற கோணத்திலும் பேசலாம். அப்பாவின் தாள்களை ஒட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம், முன்பக்கத்தில் அச்சான தேதியும் தெரிய வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அம்மா பெயரில் இருந்தால், புகாரில் அம்மா கையெழுத்துப் போடட்டும்.