பழைய ரெக்கார்டுக்குப் பணம் போடலாமா?

போன மாதம் டேப் ரெக்கார்டர் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என்னிடம் முந்நூறு சொச்சம் இசைத்தட்டுகள் இருப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி ரெக்கார்டு பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

காட்பாடி வாசகர்: வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எண்பதுகளில் வந்த இளையராஜா எல்.பி.க்களை (நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுற்றும் பெரிய வினைல் தட்டுகள்) சேர்க்க ஆசை. ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் என்கிறார்கள். இவ்வளவு பணம் போடலாமா? பிற்பாடு விலை ஏறுமா?

தம்பி, இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். விலை ஏறும் என்று நம்பி வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஒரு பவுன் நகையை எடுத்துக்கொண்டு போனால் அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ள ஊரெல்லாம் கடை இருக்கிறது. ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வேலூர் லாங் பஜாரில் எந்தக் கடை வாசலில் நிற்பீர்கள்? உங்களைப் போலவே அதே தட்டின் மேல் ஆசை வைத்த இன்னொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவரும் பாதி விலைக்குத்தான் கேட்பார்.

கேட்பதற்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் தட்டில் தொடங்காதீர்கள், மிஷினில் தொடங்குங்கள். பிளேயர், ஆம்பிளிபையர், ஸ்பீக்கர், இடையில் பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு போனோ பிரீ ஆம்ப் எல்லாம் சேர்ந்துதான் செட். அதிலுள்ள முள்ளும் தேய்கிற பொருள், 500 முதல் 1000 மணி நேரம் ஓடினால் மாற்ற வேண்டும். நாற்பதாயிரம் வைத்திருந்தால் முப்பதை செட்டுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு ஐந்து தட்டு வாங்குங்கள். மூன்று மாதம் அந்த ஐந்தையும் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கை தானாக அந்தப் பக்கம் போகிறதென்றால், ஆறாவதை வாங்கலாம்.

சோளிங்கர் வாசகர்: யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பாட்டுக்கு இத்தனை செலவு தேவையா?

உங்களுக்குத் தேவையில்லை. வாங்காதீர்கள்.

குடியாத்தம் வாசகி: எங்கள் தாத்தா கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டியவர். பரணில் ஒரு தகரப் பெட்டியில் எழுபது பழைய தட்டுகள் கிடைத்தன. ஒரே அழுக்கு. ஒரு வியாபாரி மொத்தமாக 5000 ரூபாய் தருகிறேன் என்கிறார். துடைத்துவிட்டுக் கொடுத்தால் கூடக் கிடைக்குமா?

முதலில், துடைக்காதீர்கள். முக்கியமாக ஸ்பிரிட்டோ சானிடைசரோ பக்கத்திலேயே வரக்கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2009-இல் சென்னை சென்ட்ரல் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் ஒடியன் லேபிள் போட்ட நாதஸ்வரத் தட்டு ஒன்றை 1200 ரூபாய்க்கு வாங்கினேன், அப்போது எனக்கு அது பெரிய பணம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு வட்டம் துடைத்தேன். பஞ்சு காபிப் பொடி நிறத்துக்கு மாறியது, அழுக்குதான் வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு வட்டம் துடைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் பாட்டு பதிந்த கோடுகளே இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. முதல் ஒரு நிமிட ஆலாபனை போனது போனதுதான். அந்தத் தட்டை இன்னமும் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

அழுக்கை எடுத்தே ஆக வேண்டுமென்றால், சுத்தமான மென்துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கோடு போகிற போக்கிலேயே லேசாக ஒற்றி எடுங்கள். நடுவில் உள்ள காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. உடனே காயவைத்துவிடுங்கள்.

அடுத்தது விலை. காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் ஒவ்வொரு தட்டையும் பிடித்துப் பாருங்கள். கறுப்பு மினுமினுப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் இரும்பு முள் தின்ற தட்டு. மைக் செட்காரர்களின் தட்டு பெரும்பாலும் இரண்டாவது ரகமாகத்தான் இருக்கும், சீசனில் ஒரே பாட்டை எத்தனை கல்யாணத்துக்குப் போட்டிருப்பார்! அப்புறம் ஒரு நோட்டில் லேபிள் பெயர், தட்டு எண், பாடியவர் என்று வரிசையாக எழுதுங்கள். ஐம்பது அறுபதுகளின் சினிமாப் பாட்டென்றால் ஊரெல்லாம் இருக்கிறது. இருபது முப்பதுகளின் நாடகப் பாட்டு, கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம் போன்றவற்றுக்குத் தேடி வருகிறவர்கள் உண்டு. அந்த நோட்டை எழுதி முடிக்கும்வரை வியாபாரிக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். மொத்தமாகக் கேட்கிறவர் பெட்டிக்குள் எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்.

ராணிப்பேட்டை வாசகர்: 'ரேர்' என்று போட்டிருந்ததை நம்பி ஒரு பழைய சினிமா எல்.பி.யை 4500 ரூபாய்க்கு வாங்கினேன். நண்பர் அதே தட்டை 400 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். இதற்கு அளவுகோலே கிடையாதா?

இந்த 'ரேர்' என்ற வார்த்தை மேல் எனக்குப் பல வருடக் கோபம். பழசு வேறு, அரிது வேறு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய தட்டென்றால் அதற்கு வயது ஐம்பது, அவ்வளவுதான். எத்தனை அச்சடித்தார்கள், அதில் எத்தனை பிழைத்திருக்கிறது, அதை இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள், இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒன்றை அரிதாக்குகின்றன. ஊரே கேட்டு ரசித்த படத்தின் தட்டு ஊரெல்லாம் விற்றிருக்கும், அதனால் இன்றும் ஊரெல்லாம் கிடைக்கும். உங்கள் தட்டு இந்த வகை.

மாறாக, எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த தமிழ் எல்.பி.க்களைப் பாருங்கள். அப்போது எல்லோரும் கேசட்டுக்குப் போய்விட்டார்கள், தட்டைக் குறைவாகத்தான் அச்சடித்தார்கள். வயது குறைவு, ஆனால் கிடைப்பது கஷ்டம். இன்னொன்று சொல்கிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1960 வாக்கிலேயே 78 தட்டு கிட்டத்தட்ட நின்றுபோனது. நம் நாட்டில் அது அதற்குப் பிறகும் சில வருடம் வந்துகொண்டிருந்தது, கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்தான் ஓடியது என்பதால். அதனால் பீட்டில்ஸ் பாட்டுகள் 78 தட்டாக இந்தியாவில் அச்சானது. இன்றைக்கு வெளிநாட்டில் அதைத் தேடி அலைகிறார்கள். அது அரிது. அதே பீட்டில்ஸின் எல்.பி.க்கள் உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன, அதற்கும் இங்கே 'ரேர்' என்று சீட்டு ஒட்டுகிறார்கள்!

வாங்குவதற்கு முன்னால், தட்டுகளின் விவரமும் விற்பனை விலையும் பார்க்கக்கூடிய டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தட்டு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் இருக்கும், அதில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள், முதல் அச்சா மறு அச்சா என்பது பல நேரம் அங்கேதான் தெரியும். நீங்கள் இழந்த 4100 ரூபாய்க்கு வருந்துகிறேன். விலை கூட வைத்தார் என்பதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. இல்லாத தரத்தை இருப்பதாக எழுதி விற்றிருந்தால் போடலாம், அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

வாணியம்பாடி வாசகர்: ஆன்லைனில் வாங்கிய மூன்று தட்டும் கீறல். படத்தில் எதுவும் தெரியவில்லை. யாரை நம்புவது?

முதல் தட்டு கீறலாக வந்தபோது உங்கள் மேல் எனக்கு இரக்கம் இருந்தது. அதற்கப்புறமும் ஓடவிட்டு ஒரு வீடியோ அனுப்புங்கள் என்று கேட்காமல், இரண்டு பக்கத்தின் நிலையையும் எழுதி வாங்காமல் இன்னும் இரண்டு வாங்கியிருக்கிறீர்கள். உறையின் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் உறைதான் நன்றாக வரும். இனிமேல் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆம்பூர் வாசகர்: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக, நூறு வருடப் பழசு என்று சொன்ன பித்தளைப் புனல் வைத்த எச்.எம்.வி. கிராமபோனை ஒரு கடையில் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு பாட்டு ஓடியதும் நின்றுவிட்டது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். பில் தரவில்லை.

மனசு கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது புதிதாகச் செய்த பொருள்தான். பளபளவென்று மெல்லிய பித்தளைப் புனல், பெட்டி முன்னால் பெரிதாக நாய்ச் சின்னம், புது மரத்துக்கு அடர்ந்த பாலிஷ், உள்ளே ஏதோ பழைய பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றிய மோட்டார். இப்படிச் செய்து விற்பது நாடு முழுக்க நடக்கிறது. நம் வீடுகளில் நிஜமாகவே இருந்தவை பெரும்பாலும் புனல் இல்லாத, மூடி போட்ட சூட்கேஸ் மாதிரியான ரகம். 1931-இல் வந்த எச்.எம்.வி. 102 மாதிரி.

சரி, விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப்பில் 'நூறு வருடப் பழசு' என்று அவர் எழுதியது, மிஷினின் படங்கள், மூன்றையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அப்போதும் கடைக்காரர் கேட்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.

இன்னொன்று, சரி செய்து ஓடினாலும் அதில் எல்.பி. போட்டுவிடாதீர்கள். முள்ளைப் பிடித்திருக்கும் அந்தக் கனமான தலை வினைல் தட்டை ஒரே தடவையில் உழுதுவிடும்.

ஆரணி வாசகி: இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் பத்து தட்டுக்கு 7000 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். ஏமாந்தது என் தவறுதானே?

உங்கள் தவறு இல்லை அம்மா, திருடியது அவர். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் போடுங்கள், இதைப் படித்து முடிப்பதற்குள். பணம் அவர் கணக்கிலிருந்து வேறெங்கும் நகராமல் இருந்தால் அதை நிறுத்திவைக்க வழி உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: மாடி அறையில் அடுக்கி வைத்த எல்.பி.க்கள் நெளிந்துவிட்டன. இஸ்திரிப் பெட்டியால் சரி செய்யலாமா?

கூடவே கூடாது. நம் பக்கத்து மே மாத வெயிலில் ஓடு போட்ட மாடி அறை அடுப்பு மாதிரி. தட்டைப் புத்தகம் போல நிற்கவைத்து, கீழ் அறையில், வெயில் படாத சுவர் ஓரமாக வையுங்கள். படுக்கவைத்து அடுக்கக்கூடாது. லேசான நெளிவென்றால் முள் சமாளித்துக்கொள்ளும். அதிகமாக நெளிந்ததைச் சரி செய்யப் பணம் செலவழிக்காதீர்கள், வேறு தட்டு தேடுங்கள்.

வாலாஜா வாசகி: கணவர் ஓய்வு பெற்றவர். பென்ஷனில் மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரெக்கார்டுக்குப் போகிறது. வாங்கியதைப் பீரோவில் புடவைக்கு அடியில் மறைத்து வைக்கிறார். பாதியைப் போட்டுக்கூடப் பார்ப்பதில்லை. நான் சொன்னால் கோபம்.

அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டால் அவருக்கே உள்ளுக்குள் உறுத்துகிறது என்று அர்த்தம். சண்டை போடாமல் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வாங்கியதை எல்லாம் கேட்டு முடிக்கும்வரை புதுசு வேண்டாம் என்று சொல்லுங்கள், சாயங்காலம் ஒரு தட்டு, இரண்டு பக்கமும், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இதே நிலைதான். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தட்டின் பெயரையும் வாங்கிய தேதியையும் நான் எழுதுவேன், விலையை என் மனைவி எழுதுவார். அந்த மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிற வரைக்கும் உறையைப் பிரிப்பதில்லை.