ஆயில் சர்வீஸை வீட்டிலேயே செய்தால் மிச்சமாகுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஆறு வருடப் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். சர்வீஸுக்கு விட்டால் ஒவ்வொரு தடவையும் பில் எகிறுகிறது. இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மட்டும் நானே வீட்டில் மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்? வாசலில் சிமென்ட் தரை இருக்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் கடைசி சர்வீஸ் பில்லையும் ஒரு பேனாவையும் எடுங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் நட்டுக்கான (அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் நட்டுக்கான) வாஷர், இந்த மூன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள். வீட்டில் செய்தாலும் இவற்றை வாங்கியே ஆகவேண்டும். மிச்சமாவது லேபர் மட்டும்தான். இப்போது கோடு விழாத வரிகளைப் பாருங்கள்: இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் ட்ரீட்மென்ட், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்ஜின் ரூம் கோட்டிங். பில்லை எகிற வைப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். இவற்றை வேண்டாம் என்று சொல்ல ஸ்பேனர் தேவையில்லை. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், “கார் கையேட்டில் இருக்கும் பராமரிப்பு அட்டவணையில் இது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்று கேட்டாலே பாதி வரிகள் போய்விடும்.

அப்படியென்றால் வீட்டில் செய்வதில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. எந்த ஆயில் போனது, எவ்வளவு போனது, ஃபில்டர் உண்மையிலேயே மாறியதா என்று உங்களுக்கே தெரியும். வாரண்டி முடிந்த, சாதாரண பெட்ரோல் கார் என்பதால் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் ஜாக்கி விஷயத்தில் மட்டும் சமாதானம் கிடையாது. டிக்கியில் கிடக்கும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். சமதளமான கெட்டித் தரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் காரைத் தாங்கி நிற்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்ட் வைத்து, காரை அதன்மேல் இறக்கிய பிறகுதான் கீழே போகவேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்ட் ஆகாது. இந்தச் செலவு வேண்டாம் என்றால் வேலையையும் விட்டுவிடுங்கள்.

இன்ஜினை ஒரு சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி நன்றாக வடியும். நீண்ட தூரம் ஓட்டி வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் மூடியைக் கழற்றிவிட்டுக் கீழே ட்ரெயின் நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். ஓப்பன் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும். கடைசிச் சுற்றுகளில் நட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே விரலால் திருப்பி, சட்டென்று விலக்கவேண்டும். ஆயில் நேராக விழாது, முதலில் ஒரு முழம் தள்ளித்தான் பாயும். பேசினை அந்தப் பக்கமாக நகர்த்தி வையுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். சில சமயம் அது இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டுவிடும். அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஆகி, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிட்டு வெளியே போய்விடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் மாட்டி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். ஃபில்டரிலேயே அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ட்ரெயின் நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பலத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் ஆயில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) மரை போய்விடும். அப்புறம் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அதற்கே செலவாகும்.

சின்ன நாலு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து நாலு லிட்டருக்குள் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அதில் அரை லிட்டர் குறைத்தே ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததா, அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, காரை ஸ்டாண்டிலிருந்து சமதரைக்கு இறக்கி, சில நிமிடம் கழித்துக் ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியை இழுத்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். கூடுதல் ஆயிலும் இன்ஜினுக்குக் கெடுதல்தான்.

ஷோரூமில் கூடவே பார்க்கும் பிரேக் பேட், கூலன்ட், பேட்டரி இவற்றை இனி நீங்கள்தான் நினைவில் வைத்துப் பார்க்கவேண்டும்.

கேள்வி: கார் கையேட்டில் இன்ஜின் ஆயில் கிரேடு 0டபிள்யூ-16 என்று போட்டிருக்கிறது. எங்கள் மெக்கானிக், “இது தண்ணி மாதிரி சார், நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-40 போடலாம்” என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, வேலூர்)

பதில்: கையேடு. வேலூர் வெயிலை நினைத்து மெக்கானிக் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் வெளியே எத்தனை டிகிரி அடித்தாலும் சரி, ஓடி சூடேறிய பிறகு இன்ஜினின் சூட்டை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வைத்திருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. புது இன்ஜின்களின் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் மெல்லிய ஆயிலுக்கென்றே அமைக்கப்பட்டவை. அதில் 40 நம்பர் ஆயிலைப் போட்டால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். பல கையேடுகளில் மாற்று கிரேடும் குறிப்பிட்டிருப்பார்கள், அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம்.

டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ எஸ்பி போன்ற தரக் குறியீடு இருக்கும். அதையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிஎஸ்6 டீசல் கார் என்றால் இதில் இன்னும் கறாராக இருக்கவேண்டும். புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஒத்துவரும். மற்றபடி பைக் ஆயிலைக் காருக்கும் கார் ஆயிலை பைக்குக்கும் மாற்றிப் போடவேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. கார் ஆயில் பட்டால் அது வழுக்க ஆரம்பிக்கலாம்.

கேள்வி: வெளியில் ஆயில் மாற்றினாலே வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அப்படி மறுக்கச் சட்டம் இடம் தராது என்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன். (வாசகர், ஓசூர்)

பதில்: நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறது, அது ஓசூருக்கு வராது. இங்கே இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு ஒன்று உண்டு. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் வந்த பழுதுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

நடைமுறையில் என் ஆலோசனை இதுதான்: வாரண்டி இருக்கும் வரை ஆயிலை மட்டும் வெளியில் மாற்றாதீர்கள். இன்ஜினில் ஏதாவது வந்தால், நீங்கள் ஊற்றிய ஆயிலால் அது வரவில்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். லேபரில் மிச்சமாவதற்காக அந்தத் தலைவலி எதற்கு? வாரண்டி முடிந்த பிறகும் ஆயில், ஃபில்டர் பில்களில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். காரை விற்கும்போது பேரம் பேச உதவும்.

கேள்வி: டூப்ளிகேட் ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மதுரை)

பதில்: நிறத்தையும் வாசனையையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கே வாங்குகிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசிப் பாதுகாப்பு இருக்கிறது: கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடை, கார் கம்பெனியின் பாகக் கடை, பெட்ரோல் பங்க். மூடியின் சீல், தயாரிப்பு மாதம், எம்ஆர்பி, பேட்ச் எண் பாருங்கள். க்யூஆர் இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். எம்ஆர்பியில் நம்பமுடியாத தள்ளுபடி கிடைத்தால் சந்தேகப்படுங்கள், பில் தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். பில்லும் டப்பாவும் கையில் இருக்கவேண்டும்.

காலி டப்பாவை முழுசாகப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். போலி ஆயிலை நிரப்புகிறவர்களுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது நல்ல நிலையில் இருக்கும் அசல் டப்பாதான்.

கேள்வி: மாற்றிய ஒரு மாதத்திலேயே என் டீசல் காரில் ஆயில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், நாமக்கல்)

பதில்: இல்லை. டீசலில் சில நாளிலேயே கறுக்கும். புகைக்கரியை ஆயில் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதால் வரும் நிறம் அது. கிலோமீட்டரையும் தேதியையும் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலைத் தோட்டத்து வேலிக் கம்பங்களுக்குக் கரையான் வராமல் பூசலாமா? அப்பா அப்படித்தான் செய்வார். (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: கிராமங்களில் பலரும் செய்ததுதான், சென்ட்ரிங் பலகைக்கும் பூசுவார்கள். ஆனால் ஓடிய ஆயிலில் உலோகத்துகளும் நச்சுப்பொருள்களும் கலந்திருக்கும். மழையில் கரைந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். 2016ஆம் ஆண்டு விதிகளில் இது அபாயகரமான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. சாக்கடையிலும் ஊற்றக்கூடாது.

வடித்ததை அதே ஆயில் டப்பாவில் புனல் வைத்து ஊற்றி, மூடி, பழைய ஃபில்டரையும் ஒரு இரவு கவிழ்த்து வடித்துவிட்டு, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் டிரம்மில் சேர்த்து விற்பார்கள், அதனால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கொடுக்கும் முன், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போகிறதா என்று கேளுங்கள். டப்பாவில் ஓட்டை போடும் வேலையை அங்கேயே, ஆயிலைக் கொட்டிய பிறகு செய்துகொள்ளலாம்.